எகிப்தைக் களமாக்கும் வரலாற்று நாவல்: எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது?

பண்டைய எகிப்தில் நடக்கும் ஒரு வரலாற்று நாவலைத் தமிழில் எழுத விரும்புகிறவர்கள் முதலில் திகைத்து நிற்கும் இடம் காலத் தேர்வு. கீசாவில் அரசன் கூஃபுவின் பிரமிடு எழுந்ததற்கும் கிளியோபாட்ரா இறந்ததற்கும் நடுவில் ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த நீளத்துக்குள் அரச மரபுகள் மாறின. தலைநகரங்கள் இடம் பெயர்ந்தன. உணவும் உடையும் ஆயுதமும் கடவுள்களின் வரிசையும் மாறின. "எகிப்து" என்று மட்டும் முடிவு செய்துகொண்டு எழுத உட்காருவது, "இந்தியாவில் நடக்கும் கதை" என்று மட்டும் முடிவு செய்துகொள்வதைவிடவும் தெளிவற்ற தொடக்கம்.

எழுத நினைப்போர் பெரும்பாலும் நான்கு காலங்களுக்கு நடுவில்தான் ஊசலாடுகிறார்கள். கி.மு. 26ஆம் நூற்றாண்டின் பிரமிடுக் காலம், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்கெனதென் ஆண்ட காலம். ராமேசஸ் என்ற பெயருடைய அரசர்கள் ஆண்ட கி.மு. 13 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களின் ஊரான டெய்ர் எல்-மதீனா. செங்கடல் துறைமுகங்கள் வழியாக இந்தியாவோடு வணிகம் நடந்த ரோமானியர் காலம். இந்த நான்கில் எது யாருக்குப் பொருந்தும் என்பதே இங்கே ஆராயப்படுவது. புகழ்பெற்ற காலம் நல்ல நாவலைத் தரும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்தக் காலம் விட்டுச்சென்ற சான்றில் மனிதக் குரல் இருக்கிறதா என்பது. கோயிற் சுவரில் அரசன் தன்னைப் பற்றிப் பொறித்துவைத்த பெருமையும், கடன் கொடுத்தவன் திருப்பித் தரச் சொல்லி எழுதிய சீட்டும் சான்று என்ற வகையில் ஒன்றுதான். நாவலாசிரியருக்கு இரண்டும் ஒன்றல்ல. குறை, வழக்கு, பொய்ச்சாட்சி, உயில் போன்றவை எஞ்சியிருக்கும் காலத்தில் பாத்திரங்கள் பாதி ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, கதையின் முடிவு வாசகருக்கு முன்பே தெரியுமா என்பது. தெரிந்தால் "அடுத்து என்ன" என்ற ஆர்வத்தை இழந்து, "எப்படி, ஏன்" என்பதில்தான் கதையை நிறுத்த வேண்டியிருக்கும். மூன்றாவது, சான்றின் நிலைத்தன்மை. சில காலங்களைப் பற்றிய அடிப்படைத் தகவல்களே புதிய அகழாய்வாலும் மருத்துவச் சோதனையாலும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாண்டு உழைத்து எழுதிய நாவலின் ஆதாரமுடிச்சு வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டில் அவிழ்ந்துபோகலாம். நான்காவது, ஆயத்தச் செலவு: எவ்வளவு படிக்க வேண்டும், அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். தமிழ் வரலாற்று நாவல் வார இதழ்த் தொடர்களில் வளர்ந்தது. அரசன், அமைச்சன், ஒற்றன், சதி, போர் என்ற சட்டகம் வாசகர் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கும் காலம் அந்த எதிர்பார்ப்புக்கு இசைகிறதா, அல்லது அதை எதிர்த்து எழுத வேண்டுமா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கிளியோபாட்ராவைத் தனித் தெரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. கி.மு. 51 முதல் 30 வரை ஆண்ட அவரைப் பற்றிய நம் படிமத்தில் பெரும்பகுதி, அவரை வென்றவர்களின் உலகிலிருந்து வந்தது. விரிவாக எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். முடிவு உலகறிந்தது, போட்டியிட வேண்டிய படைப்புகளும் எண்ணற்றவை. முதல் நாவலுக்கு இந்தச் சுமை தேவையில்லை.

## கூஃபுவின் காலம்: பெரிய கட்டடம், சிறிய குரல்

பிரமிடு கட்டிய கதை என்றால் எல்லோருக்கும் ஒரு படம் மனத்தில் எழும்: சாட்டை, அடிமைகள், கொடுங்கோலன். இந்தப் படத்தின் வேர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அவர் எகிப்துக்கு வந்தது கூஃபுவுக்கு 2,000 ஆண்டுகளுக்குப் பின். அவர் கேட்டு எழுதியது அக்காலத்து வாய்வழிக் கதை. கீசாவுக்குத் தெற்கே நடந்த அகழாய்வில் பிரமிடுத் தொழிலாளர் குடியிருப்பும் ரொட்டி சுடும் கூடங்களும், ஏராளமான மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கிடைத்துள்ளன. மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் பிரமிடுக்கு அருகிலேயே தமக்கெனக் கல்லறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாட்டையடிக் காட்சியோடு நாவலைத் தொடங்குகிறவர் இவற்றையெல்லாம் கண்டும் காணாமல் போக வேண்டியிருக்கும்.

இக்காலத்தின் பெரும் செல்வம் 2013இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவைதாம். மெரெர் என்ற அலுவலர், சுமார் 40 பேர் அடங்கிய தம் குழுவோடு, நைலின் கிழக்கே துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்றதை நாள் நாளாகக் குறித்திருக்கிறார். பத்து நாளில் இரண்டு மூன்று முறை போய் வந்திருக்கிறார்கள். அரசனின் மாற்றாந்தாய்ச் சகோதரனான அன்க்காஃப் ஒரு பதிவில் மேலதிகாரியாகத் தலைகாட்டுகிறார்.

ஆனால் மெரெரின் நாட்குறிப்பு, நாட்குறிப்பு என்ற பெயருக்கு நாம் கொடுக்கும் பொருளில் எதையும் சொல்வதில்லை. எங்கே தங்கினோம், எதை ஏற்றினோம், எங்கே இறக்கினோம், அவ்வளவே. யாரும் கோபப்படவில்லை, யாரும் நோயுறவில்லை. அரசனோ இன்னும் தொலைவில் நிற்கிறான்: உலகின் மிகப்பெரிய கல் நினைவுச்சின்னத்தைக் கட்டுவித்த அவனுடைய முழு உருவச் சிற்பமாகப் பெயரோடு எஞ்சியிருப்பது, 1903இல் அபிடோஸில் அகழாய்வாளர் பெட்ரி கண்டெடுத்த சுமார் 7.5 சென்டிமீட்டர் உயரத் தந்தப் பொம்மை ஒன்றே.

ஆகவே இங்கே மறைமுகச் செலவு கற்பனையின் மேல் விழுகிறது. பகை, காதல், ஆசை, பேச்சு எல்லாவற்றையும் நீங்களே உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதைத் தாங்கிப்பிடிக்கச் சான்று எதுவும் வராது. பிற்கால எகிப்தியரே கூஃபுவின் அவையை வைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள். வெட்டிய தலையை மீண்டும் ஒட்டவைக்கும் ஜெதி என்ற மந்திரவாதியிடம், ஒரு கைதியை வைத்துச் செய்துகாட்டு என்று அரசன் கேட்க, மனிதர்மேல் அப்படிச் செய்யலாகாது என்று அவர் மறுத்து, வாத்தை வைத்துச் செய்துகாட்டுகிறார். கூஃபுவுக்குப் பல நூற்றாண்டு பிந்திய அந்தக் கதையாசிரியருக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு. வேலை, ஒழுங்கு, ஆறு, கல் ஆகியவற்றைக் கொண்டே நாவலை நடத்தும் பொறுமையும், குறைந்த உரையாடலில் கதை சொல்லும் திறமும் உடையவருக்கு மட்டுமே இக்காலத்தைப் பரிந்துரைப்பேன்.

## அக்கெனதெனின் காலம்: எல்லோரும் விரும்புவது

பழைய கடவுள்களைத் துறந்து கதிரவத் தட்டான ஆத்தெனை மட்டுமே வணங்கிய அரசன். பேரழகியென உலகறிந்த நெஃபர்டீட்டி. பாலைவனத்தில் புதிதாக எழுப்பி ஓரிரு பத்தாண்டுகளில் கைவிட்ட தலைநகர் அமர்னா. பின்னர் வரும் சிறுவன் துட்டன்காமன். நாடகத்துக்கு வேண்டிய அனைத்தும் ஒரே குடும்பத்துக்குள் அமைந்திருக்கின்றன. தமிழ்த் தொடர்கதை வாசகரின் எதிர்பார்ப்புக்கு இதைவிட நெருங்கிய காலம் எகிப்தில் இல்லை. ஐரோப்பிய மொழிகளிலும் அரபியிலும் இந்த அரசனைப் பற்றிய நாவல்கள் குவிந்துகிடப்பதற்கும் அதுவே காரணம்.

குரல்களும் உண்டு. 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகள் சுமார் 380. பெரும்பாலும் பிற நாட்டு அரசர்களும் அடங்கிய சிற்றரசர்களும் எகிப்து மன்னனுக்கு அக்காடிய மொழியில் எழுதியவை. வட சிரியப் பகுதியை ஆண்ட மிட்டானி அரசன் துஷ்ரத்தா, உன் தந்தை தருவதாகச் சொன்னவை கெட்டிப் பொன்னாலான சிலைகள், நீ அனுப்பியவையோ பொன் தகடு போர்த்திய மரம் என்று முறையிடுகிறான். மகன் கேட்கமாட்டான் என்று தோன்றியதும் தாயான தியே அரசிக்கே தனியாக எழுதுகிறான். பாபிலோனிய அரசனுக்குத் தான் நோயுற்றிருந்தபோது எகிப்து அரசன் நலம் விசாரிக்கவில்லை என்று கோபம். தூரம் அதிகம் என்று எகிப்தியத் தூதன் சொன்னதை நம்பாமல் தன் ஆளையே அழைத்துக் கேட்டு, உண்மையிலேயே தூரம்தான் என்று தெரிந்தபின் ஆறுகிறான். அசீரிய அரசனோ, என் தூதர்களை ஏன் வெயிலில் நிறுத்திச் சாகடிக்கிறீர்கள் என்று கேட்கிறான். கதிரவனை வணங்கும் அவையின் திறந்த முற்றங்களைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நாவலாசிரியர் எழுதிவிட முடியாது.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, தரை நிலையாக இல்லை. அக்கெனதெனுக்குப் பின் ஆண்டது யார், எந்த வரிசையில், நெஃபர்டீட்டி தாமே அரசராக ஆண்டாரா என்பவை இன்னும் தீராத வாதங்கள். 2010இல் வெளியான மரபணு ஆய்வு, அரசர் பள்ளத்தாக்கின் 55ஆம் எண் கல்லறையில் கிடைத்த உடலைத் துட்டன்காமனின் தந்தை என்றது. அந்த உடல் அக்கெனதெனுடையதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. கணவனை இழந்த எகிப்திய அரசி ஒருத்தி, என் பணியாளரில் ஒருவனை மணக்கமாட்டேன், உன் மகன்களில் ஒருவனை அனுப்பு என்று, இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹித்தைட் மன்னனுக்குக் கடிதம் எழுதியதும், அனுப்பிய இளவரசன் வழியில் மாண்டதும் ஹித்தைட் ஏடுகளில் உள்ளன. நாவலின் உச்சக்கட்டமாகவே அமையக்கூடிய நிகழ்ச்சி. ஆனால் அந்த அரசி துட்டன்காமனின் மனைவியா, அக்கெனதெனின் மனைவியா என்ற கேள்வியில் உங்கள் முழுக் கதைத்திட்டமும் தொங்கும்.

இரண்டாவது செலவு இன்னும் நுட்பமானது. அக்கெனதெனை மூடநம்பிக்கையை எதிர்த்த பகுத்தறிவாளனாக, கோயில் ஆதிக்கத்தை உடைத்த சீர்திருத்தவாதியாக ஆக்கிவிடும் ஆசை எழுகிறவர் கையில் தானாக வந்து சேரும். தமிழ்நாட்டு எழுத்தாளருக்குச் சற்று வேகமாகவே வரும். அமர்னாவின் பொதுமக்கள் இடுகாடுகள் வேறொன்றைச் சொல்கின்றன. வடக்கு இடுகாட்டில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை 7 முதல் 25 வயது வரையுள்ளவர்களுடையவை. கடும் உழைப்பின் காயங்கள் அந்த இளம் முதுகெலும்புகளில் தெரிகின்றன. ஆத்தெனின் நகரத்தை யார் கட்டினார்கள் என்பதை அரசனுக்குப் பரிந்து எழுதும் நாவல் மறைக்க நேரும். கல் சுமந்த ஒரு பெண்ணின் கண்ணால் இந்தக் காலத்தை எழுதத் துணிகிறவர் இருந்தால், புகழின் சுமையையும் மீறி இதுவே அவருக்குச் சிறந்த தெரிவு. நெஃபர்டீட்டியின் பள்ளியறையிலிருந்து எழுதுவதாக இருந்தால் வேண்டாம்.

## எந்தக் காலத்தில் எது இருந்தது

காலத் தேர்வு கதையின் கைப்பொருள்களையும் தீர்மானிக்கிறது. தமிழ் நாவலில் பழக்கத்தால் நுழையும் பொருள்கள் சிலவற்றை மட்டும் கீழே தருகிறேன்.

| பொருள் | கூஃபு | அக்கெனதென் | டெய்ர் எல்-மதீனா | பெரெனிகே (ரோமானியர் காலச் செங்கடல் துறைமுகம்) |
|---|---|---|---|---|
| குதிரை | இல்லை | தேரில் பூட்டியது | தேரில் பூட்டியது | உண்டு |
| பொதி சுமக்க | கழுதை | கழுதை | கழுதை | ஒட்டகமும் கழுதையும் |
| நாணயம் | இல்லை | இல்லை | இல்லை. செம்பு எடைக் கணக்கு | உண்டு |
| கருவி உலோகம் | செம்பு | வெண்கலம் | வெண்கலம் | இரும்பு |
| நீர் இறைக்கும் துலா | இல்லை | உண்டு | உண்டு | உண்டு, நீர்ச்சக்கரமும் |
| வீட்டுக் கோழி | இல்லை | மிக அரிது | மிக அரிது | உண்டு |
| துணி | லினன் | லினன் | லினன் | லினன், பருத்தி |

ஆகவே குதிரையேறி இரவோடிரவாக ஓலை கொண்டுசெல்லும் வீரனைக் கூஃபுவின் எகிப்தில் விட இயலாது. பொற்காசு மூட்டையைக் கொடுத்துக் காவலனை விலைக்கு வாங்கும் காட்சியை முதல் மூன்று காலங்களிலும் எழுத இயலாது. சேவல் கூவிப் பொழுது விடிவதும் அப்படியே.

## டெய்ர் எல்-மதீனா: 68 வீடுகளும் அடங்காத வழக்குகளும்

நைலின் மேற்குக் கரையில், தீப்ஸ் நகருக்கு எதிரே, மலையிடுக்கில் ஓர் ஊர். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளை வெட்டி, பூசி, ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார்கள். மதிலுக்குள் 68 வீடுகள். கிணறு கிடையாது, தண்ணீர் கழுதைமேல் வந்தது. தண்ணீருக்காகத் தோண்டியது என்று கருதப்படும் சுமார் 50 மீட்டர் ஆழக் குழி ஒன்று குப்பைக்குழியாக மாறி, அதிலிருந்து எழுத்துப் பொறித்த ஓட்டுச்சில்லுகளும் கற்சில்லுகளும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. கல்லறை வேலைக்கு எழுத்தும் வரைவும் தேவை என்பதால், அக்காலச் சிற்றூர் எதிலும் இல்லாத அளவு எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் எழுதினார்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆண்டைச் சேர்ந்த வருகைப் பதிவு ஒன்று இருக்கிறது. யார், எந்த நாள், ஏன் வேலைக்கு வரவில்லை என்ற பட்டியல்: தேள் கடித்தது, கண் நோய், பியர் காய்ச்ச வேண்டியிருந்தது, வீட்டுப் பெண்களுக்கு மாதவிடாய், இறந்த உறவினரைப் பதப்படுத்த வேண்டியிருந்தது. மெரெரின் நாட்குறிப்பு முழுவதிலும் கிடைக்காதது இந்த ஒற்றைக் கல்லில் கிடைக்கிறது.

மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், கூலியாகத் தரவேண்டிய தானியம் வராமல் நின்றது. ஒரு தொழிலாளிக்கு மாதம் 4 கார் எம்மர் கோதுமையும் ஒன்றரைக் கார் பார்லியும் தர வேண்டும். ஒரு கார் என்பது ஏறத்தாழ 77 லிட்டர். தொழிலாளர்கள் காவற்சுவர்களைக் கடந்து இறங்கி வந்து, மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பார்வோனுக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது இது. பதிவு செய்த எழுத்தர் அமென்னக்த் அதே ஊர்க்காரர். அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர், தானியம் வராமல் தவித்தவர்களில் ஒருவரும் அவர். இரு பக்கமும் இழுக்கப்படும் ஒரு கதைசொல்லியைச் சான்றே கையில் கொடுத்துவிடுகிறது.

தனி மனிதர்களுக்கும் பஞ்சமில்லை. பனேப் என்ற மேஸ்திரிமேல் எழுதிய குற்றப்பத்திரம் ஒன்று உண்டு: அரச கல்லறையில் திருடினான், பிறர் மனைவியரோடு கூடினான், தன்னை வளர்த்தவரையே இரவில் கொன்றுவிடுவதாக மிரட்டினான், குடித்துவிட்டு அரசனின் கல்பேழைமேல் ஏறி உட்கார்ந்தான். எழுதியவன், அந்த மேஸ்திரிப் பதவி முறைப்படி தனக்கு வந்திருக்க வேண்டும் என்று நம்பியவன். எவ்வளவு உண்மை, எவ்வளவு வயிற்றெரிச்சல் என்பதைப் பிரிப்பது வரலாற்றறிஞருக்குத் தலைவலி, நாவலாசிரியருக்கு விருந்து. ஐந்தாம் ராமேசஸின் 3ஆம் ஆண்டில் நவ்னக்தே என்ற மூதாட்டி சாட்சிகளை வைத்து உயில் எழுதுகிறாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், முதுமையில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு என் சொத்தில் பங்கு உண்டு, கொடுக்காதவர்களுக்கு இல்லை என்கிறாள். தமிழ் வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆண்டில் தீப்ஸில் நடந்த கல்லறைக் கொள்ளை விசாரணையும் அடுத்த கதை. அமுன்பனூஃபெர் என்ற கல்தச்சன், அரசன் சோபெகெம்சாஃபின் கல்லறையை உடைத்துப் பொன்னை உரித்ததையும், பிடிபட்டபின் தன் பங்குப் பொன்னை ஓர் எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்ததையும், கூட்டாளிகள் அவனுக்கு நேர்ந்த இழப்பை ஈடு கட்டியதையும் ஒப்புக்கொள்கிறான். அதே நேரத்தில் கிழக்குக் கரை நகரத்தலைவர் பாசெரும் மேற்குக் கரைத் தலைவர் பவேராவும் யார் பொறுப்பு என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செலவுகளையும் சொல்ல வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இங்கே தலைவிரித்தாடுகிறது. அமென்னக்த் என்ற பெயரில் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே ஒரு குடும்ப மர வரைபடம் வேண்டும். மூல ஆய்வுகளில் கணிசமானவை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் உள்ளன. ஆயினும் லைடன் பல்கலைக்கழகத்தின் டெய்ர் எல்-மதீனா தரவுத்தளமும், தூரின் எகிப்திய அருங்காட்சியகத்தின் பாப்பிரஸ் தொகுப்பும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால், நான்கு காலங்களில் பணச்செலவு மிகக் குறைந்தது இதுவே. பெரிய செலவு வாசகர் எதிர்பார்ப்பு. போர்க்களம் இல்லை, பட்டத்துக்குரிய இளவரசன் இல்லை, கதை ஒரு மலையிடுக்கை விட்டு அதிகம் நகராது. அரண்மனைத் தமிழும் இங்கே உதவாது. கொத்தனாரும் வண்ணக்காரரும் பேசும் தமிழ் தேவைப்படும். அதை எழுதத் தெரிந்தவருக்கு, முதல் நாவலுக்கு, நான் சொல்லக்கூடிய முதல் தெரிவு இந்த ஊர்தான்.

## பெரெனிகே: தமிழர் உண்மையாகவே வந்த எகிப்து

எகிப்து நாவலில் ஒரு தமிழ்ப் பாத்திரம் வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதைக் கூஃபுவின் காலத்தில் நிறைவேற்ற முயல வேண்டாம். இரண்டாம் ராமேசஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்ததை வைத்துக்கூட ஒரு தமிழ் வணிகனை அரண்மனைக்கு அனுப்ப இயலாது. மிளகு பல கை மாறி வந்திருக்கலாம். ரோமானியர் காலத்தில் நிலைமை வேறு. செங்கடற்கரையில் குசேர் அல்-காதிமில், அக்காலத்து மையோஸ் ஹோர்மோஸில், கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் பொறித்த ஓடுகள் கிடைத்தன. இன்னோர் ஓட்டில் இருப்பது "பானை ஒறி" (பானை வைக்கும் உறி) என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். தெற்கே பெரெனிகேயில் கொற்பூமான் என்ற பெயர் பொறித்த ஓடு கிடைத்தது. அங்குள்ள கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த குரங்குகளைக்கூட அங்கே முறையாகப் புதைத்திருக்கிறார்கள்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, இப்போது வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ், முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். அதன் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு, தந்தமும் கங்கைக்கரை நறுமணப் பொருளும் துணியும் என்று வரியாகக் கணக்கிட்டிருக்கிறது. 25 விழுக்காடு சுங்கம். தமிழ்க் கரையிலிருந்து பார்த்தால், முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கடலின் இரு கரையிலும் எழுத்துச் சான்று இருப்பது எந்த நாவலாசிரியருக்கும் எளிதில் வாய்க்காத நல்வாய்ப்பு.

கதைக்குக் காற்றே கட்டமைப்பு தருகிறது. இந்தியாவிலிருந்து கப்பல்கள் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ புறப்படும். எகிப்திலிருந்து மீண்டும் கிளம்புவது கோடையின் நடுவில். ஆகவே செங்கடலில் இறங்கும் சாதனோ கணனோ விரும்பினாலும் சில மாதங்கள் திரும்ப முடியாது. பெரெனிகேயிலிருந்து நைல் கரையின் கொப்தோஸுக்குப் பன்னிரண்டு நாள் பாலைவனப் பயணம். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்து, பகலில் நீர்நிலையங்களில் தங்குவார்கள். அந்தச் சாலையில் செல்வோருக்கான கட்டணப் பட்டியல் கி.பி. 90இல் கல்லில் பொறிக்கப்பட்டது. அதில் பரத்தையருக்கு விதித்த தொகை 108 திரக்மா.

செலவு இதுதான்: இது பார்வோன்களின் எகிப்து அன்று. பிரமிடுகள் அப்போதே 2,600 ஆண்டுப் பழமை, ஆட்சிமொழி கிரேக்கம், அரசன் ரோமில் இருந்தான். எகிப்து என்றதும் வாசகர் எதிர்பார்ப்பதில் பாதி இங்கே கிடைக்காது. கிரேக்கம், ரோமானியச் சட்டம், சங்க இலக்கியம், கடலோட்டம் என்று நான்கு துறைகளைப் படித்தாக வேண்டும். ஆயத்தச் செலவு இங்கேதான் மிக அதிகம். அதனினும் பெரிய இடர், பெருமித உணர்ச்சி. ஓட்டில் எஞ்சியிருப்பவை ஓரிரு பெயர்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எதை விரும்பினார்கள் என்று அந்த ஓடுகள் சொல்வதில்லை. சாதன் என்பவனை எகிப்தையே வியக்கவைக்கும் வீரனாக்கினால் நாவல் அந்த இடத்திலேயே இறந்துவிடும்; மொழி தெரியாத துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருக்கும், கூலிபாக்கி வரவேண்டிய மனிதனாக வைத்திருந்தால் நாவலுக்கு உயிர் உண்டு. சங்க இலக்கியத்தில் பயிற்சியும், கணக்குச் சீட்டுகளைப் படிக்கும் பொறுமையும் ஏற்கெனவே உடையவர் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

## அரண்மனையையும் விட முடியாதவர்களுக்கு

தொழிலாளர் ஊரும் வேண்டும், அரசவைச் சதியும் வேண்டும் என்று கேட்பவருக்கு ஒரே ஓர் இடம் உண்டு. அது மூன்றாம் ராமேசஸின் கடைசி மூன்று நான்கு ஆண்டுகள். 29ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம். 32ஆம் ஆண்டில் அரசன் இறக்கிறான். அந்தப்புரத்தில் தியே என்ற மனைவி (அக்கெனதெனின் தாயல்ல, வேறொருத்தி), தன் மகன் பெந்தவெரைப் பட்டத்துக்குக் கொண்டுவரச் சதி செய்ததையும், மெழுகுப் பாவைகளை வைத்து மந்திரம் செய்ததையும் விசாரணை ஏடுகள் பதிவு செய்கின்றன. குற்றவாளிகள் சிலரின் பெயரையே சாபமாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். ரா தெய்வம் வெறுப்பவன் என்று பொருள்படும்படி ஒருவனுக்குப் பெயர். விசாரித்த நீதிபதிகளிலேயே சிலர் குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு குடித்துக் களித்ததற்காக மூக்கும் காதும் இழந்தார்கள். சதி வென்றதா என்று நீண்ட காலம் ஐயம் இருந்தது; 2012இல் வெளியான ஊடுகதிர் ஆய்வில் அரசனின் மம்மியின் கழுத்து ஆழமாக அறுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

மூன்றாவது அளவுகோலின்படி பார்த்தால், இங்கே புதிய ஆய்வு பழைய ஏட்டை மறுக்காமல் உறுதிப்படுத்தியிருக்கிறது. முடிவும் தமிழ் வாசகர் பெரும்பாலோருக்குத் தெரியாதது. கடினமான பகுதி, இரு உலகங்களையும் ஒரே கதையில் பிணைப்பது. ஊர் வேறு, அரண்மனை வேறு. கைவினைஞன் ஒருவன் சதியைத் தற்செயலாக ஒட்டுக்கேட்கும் பழைய உத்தியைக் கையாண்டால் இரண்டுமே கெட்டுவிடும். அதற்குத் தேவையும் இல்லை. காவற்படைத் தலைவன் ஊருக்கு வந்து, பருந்து வானுக்குப் பறந்துவிட்டது, நான்காம் ராமேசஸ் அவர் இடத்தில் அமர்ந்திருக்கிறார் என்று அறிவித்த செய்தி ஊர்ப் பதிவிலேயே இருக்கிறது. அந்த ஊரில் அரசனின் சாவு என்பது இன்னொரு கல்லறைக்கான உத்தரவு: புதிய அரசன் தன் 2ஆம் ஆண்டில் தொழிலாளர் எண்ணிக்கையை 120 ஆக உயர்த்தினான், தானியம் கொடுக்க வேண்டிய வாய்களும் அவற்றோடு கூடின.